நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள்: பெங்களூரில் சைக்கிளும் கேமராவும்

கேள்வி கேட்டவர் அல்சூரில் இருப்பவர். ஃபிலிம் காலத்திலிருந்து விடாமல் படம் எடுத்து வருகிறார், பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறார். "கேமராவோடு போனால் ஓட்டம் கெடுகிறது. கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் வழியெல்லாம் மனசு அதிலேயே நிற்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? எந்தப் பை, எந்த லென்ஸ், எங்கே போவது? தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் என் பெரிய 70-200 மி.மீ. லென்ஸை விற்றுவிடலாமா?" என்கிறார்.

சார், உடம்புக்காக ஓட்டும் நாளையும் படத்துக்காக ஓட்டும் நாளையும் முதலில் பிரித்துவிடுங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். உடம்புக்கான ஓட்டத்தில் நிற்பது நஷ்டம். மூச்சு ஒரு தாளத்தில் வந்திருக்கும், கால் சூடேறியிருக்கும், கூட வருபவர்கள் முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். படத்துக்கான ஓட்டத்தில் நிற்பதுதான் வேலையே. இரண்டையும் ஒரே காலையில் செய்யப் பார்த்தால் நீங்கள் சொல்லும் இழுபறிதான் மிஞ்சும். வாரத்தில் ஒரு காலையைப் படத்துக்கென்று ஒதுக்குங்கள். அன்றைக்கு வேகம், தூரம், சராசரி எதையும் பார்க்க வேண்டாம். நல்ல சாலையில் மணிக்கு 12 கிலோமீட்டர் போதும். அந்த வேகத்தில் கடைப் பலகையைப் படிக்கலாம், திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்கலாம், ஒரு சந்துக்குள் வெயில் எப்படி விழுந்திருக்கிறது என்பதும் தெரியும்.

தவறவிட்ட படங்களில் பெரும்பாலானவை கேமராவால் தவறுவதில்லை. கண் பார்த்துவிட்டிருக்கும், கால் மட்டும் மிதித்துக்கொண்டே போய்விட்டிருக்கும். "அடுத்த தடவை எடுத்துக்கலாம்" என்று மனசு சொல்வதற்குள் ஐம்பது மீட்டர் தாண்டியிருப்போம். அதனால் பை, லென்ஸ், செருப்பு, கியர், வழி என்று எதைத் தேர்ந்தாலும் ஒரே கேள்வியை வைத்துத் தேருங்கள்: இது என்னை நிற்க விடுகிறதா?

நிற்பதற்கென்று சில பழக்கங்கள் வேண்டும். காலைப் பெடலோடு பூட்டும் ஷூ வேண்டாம், சாதாரணத் தட்டைப் பெடலும் அடி பிடிக்கும் ஷூவும் போதும். சீட்டை உடற்பயிற்சிக்கு வைக்கும் உயரத்திலிருந்து ஒரு விரல் அகலம் இறக்கிவிட்டால், உட்கார்ந்தபடியே ஒரு காலை நடைபாதை விளிம்பில் ஊன்றலாம். முழங்கால் வலிக்கும் அளவுக்கு இறக்கிவிடாதீர்கள். நிற்பதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் கிளம்பும்போது கனமான கியரில் முக்க வேண்டிவரும், அந்த அலுப்பே அடுத்த முறை நிற்கவிடாமல் செய்யும். பின்னால் பார்க்கக் கண்ணாடி ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். பெங்களூரில் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வரும் ஸ்கூட்டர் உங்கள் மேல்தான் ஏறும். கையைக் காட்டி, இடதுபுறம் ஒதுங்கி, பிறகு நில்லுங்கள். கடந்து போய்விட்டால் எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். இறங்கி, நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வாருங்கள். காரில் போகிறவருக்கு அது முடியாது, நடந்து போகிறவருக்கு அவ்வளவு தூரம் எட்டாது. ஸ்டாண்டு மாட்டினால் எடை கூடும் என்று சைக்கிள் கடையில் சொல்வார்கள். அதைக் கேட்காமல் நல்ல ஸ்டாண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சாய்த்து வைக்கச் சுவர் தேடுவதற்குள் கீரைக்காரம்மா அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

இனி எடை. முழு ஃபிரேம் கேமராவும் (35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) 24-70 லென்ஸும் 70-200 லென்ஸும் சேர்த்துப் பையில் போட்டால் மூன்று கிலோவுக்கு மேல் போகும். அந்தப் பையோடு சைக்கிள் ஓட்டலாம், ஆனால் நிற்க மாட்டீர்கள். ஒரு கேமரா, ஒரு லென்ஸ், அவ்வளவுதான். 28, 35, 50 மி.மீட்டரில் உங்கள் கண்ணுக்குப் பழகியது எதுவோ அது. டிஎஸ்எல்ஆருக்கு வந்த பழைய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்கள் பெரும்பாலும் 200 கிராமுக்குள் அடங்கிவிடும். ஃபிலிமில் வளர்ந்தவருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு: தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு முன்கூட்டியே ஃபோகஸ் வைக்கும் பழக்கம். முழு ஃபிரேமில் 35 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 8-க்குச் சுருக்கி மூன்று மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை தெளிவாக இருக்கும். தெருவில் நமக்கு வேண்டிய ஆழம் அதுதான். சிறிய சென்சார் கேமராவில் 18 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் இரண்டு மீட்டருக்கு வைத்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து தொலைவு வரை எல்லாம் வந்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே இப்படி வைத்துவிட்டால், நின்ற கையோடு எடுத்து அழுத்தலாம்.

ஷட்டர் வேகத்தை மட்டும் நடந்து எடுக்கும்போது வைப்பதைவிடக் கூட்டி வையுங்கள். மேடேறி வந்து நின்றவுடன் இதயத் துடிப்பு கையில் தெரியும். 1/60-இல் நிதானமாக எடுக்கிறவருக்கும் அப்போது 1/250 வேண்டும். அவசரமில்லாத காட்சி என்றால் இரண்டு மூச்சு விட்டுவிட்டு, முழங்கையைச் சீட்டில் ஊன்றி எடுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளின் சீட்டு நல்ல தாங்கல். ஹெல்மெட்டின் முன்மடல் வியூஃபைண்டரில் இடிக்கும், கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் சில கேமராக்களின் பின்திரை கறுப்பாகத் தெரியும், அதையும் ஒரு தடவை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைத்துக் கொண்டுபோவது? பின் கேரியரில் வேண்டவே வேண்டாம். நம் சாலைகளின் ஒவ்வொரு குழியும், ஒவ்வொரு வேகத்தடையும் நேராக அங்கேதான் போய் அடிக்கும். தொடர்ந்த அதிர்வில் லென்ஸின் சின்னச் சின்னத் திருகுகள் தளர்ந்துவிடும். ஹேண்டில்பார் பை கைக்கு எட்டும், ஆனால் அதிர்வு அங்கேயும் உண்டு. அதில் வைத்தால் அடியில் கெட்டியான நுரைப்பஞ்சு போடுங்கள். உடம்பைப்போல் அதிர்வை வாங்கிக்கொள்ளும் பொருள் வேறில்லை. என் தேர்வு, தோளில் குறுக்காக மாட்டும் சின்னப் பை, அது முன்னால் ஊசலாடாமல் இடுப்பைச் சுற்றி இன்னொரு பட்டை. பை முதுகுப் பக்கம் இருக்கும், நின்றதும் ஒரு இழுப்பில் வயிற்றுப் பக்கம் வரும், ஜிப்பைத் திறந்தால் கேமரா கையில். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: விழுந்தால் கேமரா முதுகெலும்புக்கு நேராக இருக்கக் கூடாது. பையைப் பக்கவாட்டில், இடுப்புக்கு மேலே வரும்படி கட்டுங்கள். கேமராவுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வைத்தால் வியர்வையும் உள்ளே இறங்காது.

ஃபோனை ஹேண்டில்பாரில் மாட்டி வழி பார்ப்பவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மோட்டார் சைக்கிளின் பலமான அதிர்வு ஃபோன் கேமராவில் இருக்கும் நடுக்கம் தடுக்கும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் அறிவித்தது. சைக்கிளில் எஞ்சின் அதிர்வு இல்லை என்றாலும், நம் தெருக்களை நம்பி விலையுயர்ந்த ஃபோனை மாட்ட மாட்டேன். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சேர்க்கை புதிது என்று நினைக்க வேண்டாம். 1890-களில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் ஏறியபோதே மடக்கு கேமராக்களைச் சைக்கிள்காரர்களுக்கென்று விற்றார்கள். பத்திரிகைக்காரர்கள் கையில் பிற்பாடு புகழ்பெற்ற 'ஸ்பீடு கிராஃபிக்' கேமராவுக்குப் பின்னால் இருந்த ஃபோல்மர் அண்ட் ஷ்விங் நிறுவனம், முதலில் எரிவாயு விளக்குகளும் பிறகு சைக்கிளும் விற்று, அதன் பிறகே கேமராவுக்கு வந்தது. அவர்களுடைய ஒரு மாடலுக்குப் பெயரே 'சைக்கிள் கிராஃபிக்'. அதே காலத்தில், 1890 முதல் 1893 வரை உலகைச் சுற்றிய ஆலன், சாக்ட்லெபன் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள் கோடாக் கேமராவோடு சைக்கிளில் ஆசியாவைக் குறுக்காகக் கடந்தார்கள். நம் காலத்தில் நியூயார்க்கின் பில் கன்னிங்ஹாம். 2016-இல் தம் 87-ஆம் வயதில் இறக்கும்வரை, மன்ஹாட்டன் தெருக்களில் மக்கள் உடுத்தும் உடைகளைச் சைக்கிளில் சுற்றியே படம் எடுத்தார். அவர் போனது தினமும் அதே தெருக்கள்தான். பணி ஓய்வுக்குப் பிறகு தொடங்குகிறீர்கள் என்பதால் இவரைச் சொல்கிறேன்.

வெளிச்சத்துக்கு வருவோம். பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது, அதனால் சூரியன் சரிவாக ஏறாமல் கிட்டத்தட்ட நேராக மேலே போகிறது. உதித்து ஒரு மணி நேரத்தில் 13, 14 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும். பொன்னிற வெளிச்சம் என்று நாம் சொல்வது அந்த ஒரு மணி நேரம்தான். ஜனவரியில் 6.40-க்கு மேல்தான் உதயம், ஜூன் தொடக்கத்தில் 5.50-ஐ ஒட்டி. எந்த மாதமானாலும் வெளிச்சம் வருவதற்கு அரை மணி முன்பே சைக்கிள் மேல் இருக்க வேண்டும். முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்து, நட்ட கம்பத்துக்கு நிழலே இல்லாமல் போகும். அந்த வேளையில் முகங்களின் கண்குழியெல்லாம் கறுத்துவிடும், சைக்கிளும் கேமராவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அல்சூரிலிருந்து போகக்கூடிய ஒரு வழியை விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் தமிழ் படிப்பவர் என்பதால் இது மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம் தரும். ஞாயிறு விடிகாலையில் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் தொடங்கி, தொம்மலூர் சொக்கநாதசாமி கோயில், மடிவாளா சோமேஸ்வரர் கோயில், கடைசியில் பேகூர் நாகேஸ்வரர் கோயில். போக மட்டும் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். மடிவாளாவுக்குப் பிறகு வரும் ஓசூர் சாலைதான் தொல்லை. எட்டு மணிக்கு முன் அதைத் தாண்டிவிட வேண்டும்.

இந்த வழியில் இருப்பவை கல்வெட்டுகள். தொம்மலூர் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்த ஊரைத் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அவை குறிக்கின்றன. சுற்றிலும் ஐடி அலுவலகங்களும் மேம்பாலமும் வந்துவிட்ட இடம் அது. மடிவாளா கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. பேகூரில் இருப்பது பழங்கன்னட நடுகல், ஏறக்குறைய 890-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 'பெங்களூர்' என்ற பெயர் ஒரு சண்டையின் பெயரில் வரும் கல் அது. நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் கெம்பே கவுடா கோட்டை கட்டுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஊர்ப்பெயர். கல்வெட்டு ஆய்வாளர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1905-இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் இந்த வட்டாரத்துக் கற்கள் பலவற்றின் வாசகமும் உண்டு. முந்தின நாள் அதைப் பார்த்துவிட்டுப் போனால் கல்லின் முன் நிற்கும்போது எழுத்துகள் தாமாகப் பிடிபடத் தொடங்கும். பெங்களூரின் பழைய வரலாற்று ஆய்வு அமைப்பான மிதிக் சொசைட்டி இப்போது பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து பதிவு செய்கிறது. அந்தப் பணிக்கு ஈடு கட்ட நம்மால் முடியாது. ஆனால் ஒரு கல் இன்றைக்கு எங்கே, எந்த நிலையில், எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதை ஒரு நல்ல படம் காட்டிவிடும். அடுத்த முறை போகும்போது அங்கே சுண்ணாம்பு அடித்திருக்கலாம், குழாய் பதித்திருக்கலாம்.

கல்வெட்டை எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன், இங்கே சைக்கிள் ஒரு கருவியாகவே மாறும். எழுத்து சில மில்லிமீட்டர் ஆழம்தான் இருக்கும். வெளிச்சம் நேரே விழுந்தால் கல் வெறும் சாம்பல் பலகை, ஒரு எழுத்தும் தெரியாது. பக்கவாட்டில், கல்லை உரசிக்கொண்டு போகிற மாதிரி வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு கீறலின் ஒரு ஓரம் இருளும், மறு ஓரம் மினுங்கும். காலைச் சூரியன் சுவரின் திசைக்கு ஏற்றபடி இதைச் சில நிமிடங்களுக்கு இலவசமாகச் செய்யும். சூரியன் வராத சுவருக்கு உங்கள் சைக்கிளின் முன்விளக்கு போதும். அதைக் கிளிப்பிலிருந்து கழற்றி, கல்லின் பரப்புக்கு 10, 15 டிகிரி சாய்வில், ஒரு மீட்டருக்குக் குறையாத தூரத்தில் பிடியுங்கள். மிக அருகில் பிடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி விழும், ஓரங்கள் இருண்டுவிடும். கேமராவைச் சீட்டின் மேல் வைத்தோ சின்ன முக்காலியில் வைத்தோ, கல்லுக்கு நேர் எதிரே நிறுத்துங்கள். இடப்பக்கம், வலப்பக்கம், மேல், கீழ் என நான்கு திசையிலிருந்தும் விளக்கைப் பிடித்துத் தனித்தனியாக எடுங்கள். 'ன'வா 'ண'வா என்று ஒரு படத்தில் தெரியாதது அடுத்த படத்தில் தெரிந்துவிடும். விளக்கை முழு வெளிச்சத்தில் வையுங்கள். குறைந்த வெளிச்சத்தில் பல எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரியும், எலக்ட்ரானிக் ஷட்டரில் அது பட்டை பட்டையாகப் பதியும். ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் அளவும் கிடைத்துவிடும்.

கல் மேல் மாவு, சாக்கட்டி, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். எழுத்து நன்றாகத் தெரியும் என்று பலர் செய்கிறார்கள். கல்லுக்கு அது கெடுதல், அடுத்து வருகிறவருக்கும் கெடுதல். உள்ளே போவதற்கு முன் அர்ச்சகரிடமோ கோயில் ஆளிடமோ கேளுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். "வெளிச்சுவரில் எழுத்து இருக்காமே, அதை மட்டும் எடுத்துக்கட்டுமா சாமி" என்றால் பெரும்பாலும் அவரே கூட வந்து இன்னொரு கல்லையும் காட்டுவார்.

மனிதர்களைப் படம் எடுக்க இந்த ஊரில் உங்களுக்கு மிக அருகிலேயே எல்லாம் இருக்கிறது. சிவாஜிநகரில் 1927-இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட், அதன் பக்கத்தில் செப்டம்பர் 8-ஆம் தேதி திருவிழாவுக்குக் காவி உடுத்திய கூட்டம் வந்து நிறையும் புனித மரியன்னை பேராலயம், ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், நீலசந்திராத் தெருக்கள். தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் இடங்கள் இவை. திருவிழா நாள்களில் கார்களை வெகு தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாம் உள்ளே போகலாம். சைக்கிளில் வருகிறவரை யாரும் பத்திரிகைக்காரர் என்றோ நில அளவைக்கு வந்த அதிகாரி என்றோ நினைப்பதில்லை. "இந்த வயசுல சைக்கிளா சார், எவ்ளோ தூரத்துல இருந்து வர்றீங்க?" என்று அவர்களே பேச்சைத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சை முடித்துவிட்டுக் கேமராவை எடுங்கள். கன்னடம் பேசுகிறவரிடம் "அண்ணா, ஒந்து ஃபோட்டோ தெகீலா?" என்று கேட்டால் முகமே மலர்ந்துவிடும். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். எடுத்த படத்தைச் சின்னதாக அச்சுப் போட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவது முறை போகும்போது தெருவில் நீங்கள் தெரிந்த ஆள்.

அல்சூர் ஏரி உங்கள் வாசலிலேயே இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியலில் தண்ணீர் மேல் மெல்லிய பனி நிற்கும்போது போய்விடுங்கள். தமிழ்ச் சங்கமும், 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலையும் அதே சுற்றில் வரும். ஆனால் ஏரியை ஒட்டி ராணுவத்தின் எம்இஜி வளாகம் இருக்கிறது. அதன் வாயில், மதில், காவலர் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். சைக்கிளில் வந்தவர், வயதானவர் என்று விட்டுவிட மாட்டார்கள், விடவும் கூடாது. பழைய விமான நிலையச் சாலையில் எச்ஏஎல் விமானத் தொழிற்சாலைப் பக்கமும் இதே கட்டுப்பாடு.

பூக்களுக்குக் கப்பன் பூங்காவும் அதைச் சுற்றிய சாலைகளும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குள் மோட்டார் வாகனம் கிடையாது, கேமராவோடு சைக்கிள் ஓட்டிப் பழக அதைவிட நல்ல இடம் நகரில் இல்லை. குளிர்காலத்தில் இளஞ்சிவப்பு டபேபுயா, பிப்ரவரி, மார்ச்சில் மஞ்சள் டபேபுயா, அதையொட்டி ஜகரண்டா, ஏப்ரல், மே மாதங்களில் குல்மோகர். இங்கே ஏதாவது ஒரு மரம் எப்போதும் பூத்திருக்க வேண்டும் என்று திட்டமிட்டு நட்டதில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லால்பாக்கை நிர்வகித்த ஜெர்மானியர் க்ரும்பீகலுக்குப் பெரிய பங்கு உண்டு. மரத்தை மட்டும் எடுத்துவிட்டு வராமல், கீழே உதிர்ந்த பூவைக் கூட்டுகிறவரையும் பாருங்கள்.

நந்தி மலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கூப்பிடுவார்கள். கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் போய், 1,478 மீட்டர் உயரத்துக்கு ஏறுவது உடம்புக்கான ஓட்டம். நல்ல அனுபவம்தான், அன்றைக்குக் கேமரா வேண்டாம். ஹெசரகட்டா அப்படியில்லை. நகரின் வடமேற்கில், 1894-இல் அர்க்காவதி ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி உண்டான ஏரியும் அதை ஒட்டிய புல்வெளியும் அங்கே இருக்கின்றன. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் தாழப் பறக்கும், வானம்பாடிகள் தரையிலேயே கூடு கட்டும். பறவைப் படம் எடுப்பவர்கள் காரைப் புல்வெளிக்குள்ளேயே ஓட்டிப்போவது அந்த இடத்துக்கு நேர்ந்திருக்கும் பெரிய கேடு, தரையில் இருக்கும் கூடுகளும் முட்டைகளும் டயருக்கு அடியில் போகின்றன. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை. சைக்கிளில் போனாலும் ஏற்கெனவே இருக்கும் தடத்தை விட்டு இறங்காதீர்கள். அனுமதி தேவையா என்று வனத்துறை வைத்திருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக: ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடி மழை, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பலத்த மழை. கேமராவை உள்ளே வைத்து மூட ஜிப் வைத்த கெட்டிப் பிளாஸ்டிக் உறை ஒன்று பையிலேயே எப்போதும் கிடக்கட்டும். நனைந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். ஈரப் பையிலேயே இரண்டு நாள் விட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், ஃபிலிம் காலத்து ஆளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. டயர் 35 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருந்தால் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம், அதிர்வு குறையும்.

வேலையைத் தொடங்கும்போதே ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கேமராவின் கடிகாரத்தை ஃபோனின் கடிகாரத்தோடு நொடி பிசகாமல் சேர்த்து வையுங்கள். ஃபோனில் ஏதாவது ஒரு சைக்கிள் செயலி உங்கள் வழியைப் பதிவு செய்யட்டும். வீட்டுக்கு வந்து அந்த வழிப்பதிவை ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்து, படங்களை அடுக்கித் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கிலோ, காசில்லாமல் கிடைக்கும் டார்க்டேபிளிலோ படங்களோடு சேர்த்துக் கொடுத்தால், எந்தப் படம் எந்த முனையில் எடுத்தது என்று ஒவ்வொன்றும் வரைபடத்தில் தானாகப் போய் உட்காரும். ஒரு வருடம் ஒரே வட்டத்தைச் சுற்றினால் எந்தத் தெருவில் அடிக்கடி நிற்கிறீர்கள், எந்தத் தெருவை எப்போதும் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பது அந்த வரைபடத்தில் தெரியும். நிற்காத தெருவுக்கு அடுத்த ஞாயிறு போகலாம்.

அப்புறம் அந்த 70-200. விற்க வேண்டாம். ஹெசரகட்டாவுக்குப் போகும் குளிர்காலக் காலைகளில், அதை மட்டும், வேறு லென்ஸ் இல்லாமல் எடுத்துப் போங்கள். தெருவுக்கு அதன் இடத்தில் ஒரு சின்ன லென்ஸ் போதும். புதுக் கேமராவும் இப்போதைக்கு வாங்காதீர்கள், இருப்பதோடு ஆறு மாதம் ஓட்டுங்கள். அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, கழற்றி மாட்டக்கூடிய நல்ல முன்விளக்கு ஒன்றும் கெட்டியான ஸ்டாண்டு ஒன்றும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். தொம்மலூர்க் கல்வெட்டை எடுத்த பிறகு எழுத்து எதுவும் பிடிபடவில்லை என்றால் நான்கு படங்களையும் எனக்குக் காட்டுங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.